அடைப்புக்குறிக்குள் வராத பெயர்: 1966-இல் ஒரு சோல் சிங்கிள் முதலிடம் பிடித்த நிகழ்வு

எதற்காக இந்த ஆய்வு

45 ஆர்பிஎம் சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டின், நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அந்தக் காலத்துத் தட்டு என்றால் தாள் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். பாட்டின் பெயர் ஒரு வரி. கூடவே பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள், பாட்டை எழுதியவர்களின் பெயர். பாடியவர் பெயர் தனியாக, பெரிதாக. 1966-இல் வெளிவந்த ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ என்ற சோல் (அமெரிக்கக் கறுப்பின இசை வகை) பாட்டின் தட்டில் பெரிய எழுத்தில் இருப்பவர் பெர்சி ஸ்லெட்ஜ். அடைப்புக்குறிக்குள் இருப்பவை வேறு இரண்டு பெயர்கள்.

அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இருபத்தோரு ஆண்டு கழித்து பிரிட்டனில் இரண்டாம் இடம் வந்தது. அதன்பின் வேறொருவர் குரலில் மறுபடி முதலிடம் ஏறியது. ஒவ்வொரு முறையும் காசு போன வழியைத் தீர்மானித்தது அந்தப் பொடி எழுத்து வரிதான். எனவே இது ஒரு வெற்றிக் கதை மட்டும் அல்ல. சரியாக எடுத்த முடிவுகள், தவறாக எடுத்த ஒரு முடிவு, யாருமே எடுக்காமல் தானாக நடந்துவிட்ட ஒன்று, இவை மூன்றும் ஒரே தட்டில் எப்படி வந்து சேர்ந்தன என்று பார்ப்பதே நோக்கம்.

பாட்டையும் பாடகரையும் மறைத்து எழுத வழியில்லை. மற்றவர்களைப் பெயரால் அல்லாமல் செய்த வேலையால் குறிப்பிடுகிறேன்: ஸ்டுடியோக்காரர், பக்கத்து ஸ்டுடியோக்காரர், நியூயார்க் அதிகாரி, குழுவின் தோழர்கள் இருவர். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் செய்தார் என்பது இங்கே போதும்.

பின்னணி: ஆற்றங்கரையில் நாலு ஊர்

அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றை ஒட்டி நாலு சிறு ஊர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன. வடகரையில் ஃபிளாரன்ஸ். தென்கரையில் ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸில் ஷோல்ஸ். டஸ்கம்பியா ஹெலன் கெல்லர் பிறந்த ஊர். ஆற்றின் குறுக்கே முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிக் கட்டிய வில்சன் அணை இருக்கிறது. வெளியுலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அறுபதுகளின் தொடக்கத்தில் வேறு பெரிய காரணம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. இங்கே ஒருவர் ஃபேம் என்ற பெயரில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவந்தார். உள்ளூர்க் கறுப்பினப் பாடகர் ஒருவரை அவர் பதிவு செய்த பாட்டு 1962-இல் தேசியப் பட்டியலில் ஏறியிருந்தது. அதனால், ‘நம்ம ஊரில் பதிவு செய்ததும் வெளியே ஓடும்’ என்ற எண்ணம் ஊருக்குள் ஊறியிருந்தது. இவர்தான் இந்த ஆய்வில் வரும் பக்கத்து ஸ்டுடியோக்காரர்.

நம் ஸ்டுடியோக்காரர் வேறு ஆள். உள்ளூர் வானொலியில் டிஜே. ஷெஃபீல்டில் ஒரு இசைத்தட்டுக் கடையும் வைத்திருந்தார். பகலில் எந்தப் பாட்டை ஒலிபரப்பினால் தொலைபேசி அடிக்கிறது, மாலையில் எந்தத் தட்டைக் கேட்டு ஆட்கள் கடைக்கு வருகிறார்கள் என்று இரண்டு முனையையும் பார்த்துப் பழகியவர். அந்த அனுபவத்தோடு நோராலா என்ற சிறு ஸ்டுடியோவைத் திறந்தார். பாட்டு ஓடுமா என்று மோப்பம் பிடிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நியூயார்க்கில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் அவருக்குப் பழக்கம் இல்லை. இந்தக் குறை பின்னால் முக்கியமாகிறது.

பாடகர் 1940-இல், அருகிலுள்ள லெய்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பருத்திக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். அறுபதுகளின் நடுவில் ஷெஃபீல்டு மருத்துவமனையில் ஆர்டர்லி. நோயாளிகளைத் தூக்குவது, துடைப்பது, தள்ளுவண்டியில் கொண்டுபோவது. வார இறுதியில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவோடு கல்லூரி மாணவர் விருந்துகளில் பாடப் போவார். மேடைப் பாடகர்தான், ஆனால் அதுவரை ஒரு தட்டுகூட வெளிவந்ததில்லை.

காலத்தையும் சொல்லியாக வேண்டும். இதே மாநிலத்தின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் அடிபட்டது 1965 மார்ச்சில். வாக்குரிமைச் சட்டம் அந்த ஆகஸ்டில் வந்தது. அடுத்த சில மாதங்களில்தான் ஷெஃபீல்டின் ஒரு சிறு அறையில் ஒரு கறுப்பினப் பாடகரும் வெள்ளையின இசைக்கலைஞர்களும் ஒரே பாட்டுக்காகக் கூடி நின்றார்கள். இதை வைத்து அங்கே எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று சிலர் எழுதுவது உண்டு. அறைக்குள் இருந்த இணக்கம் உண்மை. யார் சம்பளம் கொடுத்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்பதும் உண்மை.

பாட்டு பிறந்த வழி

பாடகர் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. மெட்டு அவரிடம் வெகுகாலமாக இருந்தது. பருத்தி பறிக்கும்போதே முணுமுணுத்தது. அப்புறம் ஒரு காதலி விட்டுப் போனாள். அந்த வருத்தத்தில், ஒரு விருந்து நிகழ்ச்சியில், வழக்கமான பாட்டைப் பாட மனம் இல்லாமல், குழுவின் தோழர்கள் இருவரைப் பார்த்து ஏதாவது ஒரு சுருதியில் வாசியுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருவர் பேஸ் கிடார் வாசிப்பவர், இன்னொருவர் ஆர்கன். அவர்கள் வாசிக்க, இவர் வாயில் வந்ததைப் பாடினார். முதலில் இருந்த வரிகள் ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்ற தொனியில் இருந்தனவாம். இப்போது நாம் அறிந்த வரிகள் பிறகு வந்தவை.

கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று இதில் இருக்கிறது. ‘நீ ஏன் போனாய்’ என்பது ஒருவனுடைய புலம்பல். ‘ஒரு ஆண் ஒரு பெண்ணைக் காதலித்தால்’ என்று தொடங்கினால் அது எல்லோருக்கும் பொதுவான பேச்சாகிவிடுகிறது. கேட்பவன் தன் கதையை அதற்குள் வைத்துக்கொள்ளலாம். வலி அப்படியே இருக்கிறது, உடைமையாளர் மட்டும் மாறிவிடுகிறார். பிற்காலத்தில் ஆணும் பெண்ணுமாக இத்தனை பேர் இதை எடுத்துப் பாட முடிந்ததற்கு இந்த ஒரு திருப்பம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

பொதுவான நண்பர் ஒருவர் வழியாகப் பாடகர் ஸ்டுடியோக்காரரிடம் வந்து சேர்ந்தார். ஸ்டுடியோக்காரரும் அவரோடு இணைந்து தயாரித்த கிடார் கலைஞரும் பாட்டைச் செப்பனிடச் சொல்லிப் பதிவுக்குத் தயார் செய்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் எழுதியவர் யார் என்ற கேள்வி வந்தது. பாடகர் குழுவின் தோழர்கள் இருவர் பெயரையும் போடச் சொல்லிவிட்டுத் தன் பெயரை விட்டுவிட்டார். அவர்கள் இல்லாவிட்டால் பாட்டு உருவாகியிருக்காது, அந்த நன்றிக்காகக் கொடுத்தேன் என்பதும், வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவு அதுதான் என்பதும் அவரே பின்னால் சொன்னவை. தோழர்களின் உழைப்பும் பாட்டில் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. பதிவில் வாசிக்கப்போவது ஸ்டுடியோவின் ஆட்கள், மேடையில் கூடவே நின்ற தோழர்கள் அல்ல. அந்தச் சங்கடத்தை இப்படி ஈடுகட்டினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஊகம்தான். காரணம் எதுவானாலும், மருத்துவமனைச் சம்பளத்தில் இருக்கும், ஒரு தட்டுகூட வெளிவராத ஒருவருக்கு அன்று அது பெரிய தியாகமாகத் தெரிந்திருக்காது. இல்லாத பணத்தைப் பங்கு போடுவதில் யாரும் கறாராக இருப்பதில்லை.

பதிவு

1966-இன் தொடக்கத்தில் நோராலாவில் பதிவு நடந்தது. ஸ்டுடியோவின் ஆர்கன் கலைஞர் வாசித்தது ஃபார்ஃபிசா என்ற மலிவு விலை மின் ஆர்கன். தேவாலயத்துப் பெரிய ஆர்கனின் கனம் அதில் வராது, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி ஒலி. ஆனால் அவர் அதைத் தேவாலயத்தில் வாசிப்பதுபோலவே வாசித்தார். விரலை எடுக்காமல், இழுத்து, ஒரு கூட்டு ஒலி அடங்கும் முன் அடுத்ததை வைத்து. பாட்டின் பாதி உருக்கம் அங்கிருந்து வருகிறது.

அமைப்பைக் கேட்டுப் பார்த்தால் தயாரித்தவர்களின் முடிவுகள் தெளிவாகத் தெரியும். நடை மிக மெதுவானது, அடிக்கு மூன்று தட்டாக அசைந்து போவது. நம் கணக்கில் திஸ்ர நடை. பேஸ் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போக, குரல் மட்டும் இறங்காமல் மேலேயே நிற்கிறது. பல்லவி என்று தனியாக இல்லை. தலைப்பு வரியே ஒவ்வொரு பத்திக்கும் தலைவாசல். நீண்ட முன்னிசை கிடையாது. ஆர்கன் ஒரு வழி போட்டுக் கொடுக்கிறது, உடனே குரல், அதுவும் பாதி வலிமையில் அல்ல, முதல் சொல்லிலிருந்தே முழுசாக. டிரம்ஸ் அடக்கி வாசிக்கிறது. பின்குரல்கள் தூரத்தில் ஓங்காரம் மாதிரி நிற்கின்றன. ஊதுகருவிகள் கடைசிப் பகுதி வரை வாயே திறப்பதில்லை.

மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டில் இவ்வளவு நேரம் ஒன்றைக் காக்க வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். வானொலியில் வேலை செய்த ஒருவர் இதற்குச் சம்மதித்தார் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கேட்பவன் பத்து நொடியில் அலைவரிசையைத் திருப்பிவிடுவான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். முதல் சொல்லே அவனைப் பிடித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டும்.

ஒரு தொலைபேசி அழைப்பு

டேப் கையில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் முன்னால் இரண்டு வழி. உள்ளூரிலேயே சில நூறு தட்டு அடித்து, தெரிந்த டிஜேக்களிடம் கொடுத்து, மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். அல்லது விநியோக வலை உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

அவர் இரண்டாவது வழியை எடுத்தார். அதற்காகப் போட்டியாளர் என்று பார்க்காமல் பக்கத்து ஸ்டுடியோக்காரரிடமே டேப்பைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. கேட்டவர் உடனே நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, இது முதலிடம் போகும் பாட்டு என்று சொன்னார். பாட்டு தன் ஸ்டுடியோவில் பதிவானது அல்ல. ஆனாலும் சொன்னார். கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக அவருக்கும் ஒரு சிறு பங்கு பேசப்பட்டது.

அட்லாண்டிக் 1947-இல் தொடங்கிய நிறுவனம். கறுப்பின இசையில் ஆழ வேர்விட்டது. அந்தச் சமயத்தில் மெம்ஃபிஸ் நகர ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் தட்டுகளை விநியோகித்துவந்தது, தன் பாடகர்களையும் பதிவுக்கு அங்கே அனுப்பிவந்தது. 1965-இன் இறுதியில் வெளியார் பதிவுக்கு ஸ்டாக்ஸ் கதவைச் சாத்தியது. தென்பகுதி ஒலி வேண்டும், வாங்க வேறு இடம் வேண்டும் என்ற நிலையில் நியூயார்க் அதிகாரி இருந்த நேரம். ஷெஃபீல்டிலிருந்து அந்த டேப் சரியாக அப்போது வந்து சேர்ந்தது. பாட்டு நன்றாக இருந்தது என்பதோடு வேளையும் கூடிவந்தது.

ஒப்பந்தம் ஆனது. பாட்டின் பதிப்புரிமை ஸ்டுடியோக்காரரின் இசைப் பதிப்பகத்துக்கும் (பாட்டின் உரிமையைக் கையில் வைத்து ராயல்டி வசூலிக்கும் நிறுவனம்) அட்லாண்டிக் தரப்போடு தொடர்புள்ள பதிப்பகத்துக்கும் போனது. ஸ்டுடியோக்காரர், பக்கத்து ஸ்டுடியோக்காரர், நியூயார்க் நிறுவனம், எழுதியவர்களாகப் பதிவான இருவர் என்று எல்லோருக்கும் ஏதோ ஒரு காகிதத்தில் இடம் இருந்தது. பாடகருக்குப் பாடகர் என்ற இடம் இருந்தது.

சுருதி பிசகு

நியூயார்க் அதிகாரி ஒரு குறை சொன்னார். கடைசிப் பகுதியில் ஊதுகருவிகள் சுருதி சேரவில்லை, மறுபடி பதிவு செய்யுங்கள் என்றார். குறை நியாயமானது. இன்றைக்கும் அந்தப் பதிவின் இறுதியைக் கூர்ந்து கேட்டால் அவை குரலோடு சற்று உரசிக்கொண்டு நிற்பது தெரியும்.

அங்கே இருந்த இசைக்கலைஞர்கள் சிலர் சொன்னபடி, சொன்ன மாதிரியே மறுபதிவு செய்து, சுருதி சரியாகச் சேர்ந்த டேப்பையும் அனுப்பினார்கள். ஆனால் டேப்புகள் மாறிப்போயின. அச்சுக்குப் போனது பழையது. திருத்தப்படாத ஊதுகருவிகளோடுதான் தட்டு வெளிவந்தது.

யாரும் எடுக்காத முடிவு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். தொழில்முறைக் கணக்கில் இது பிழை. காது வேறு கணக்குப் போடுகிறது. தன்னை மறந்து காதலிக்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு, முடிவை நெருங்கும்போது கட்டு குலைந்து போகிறது. ஊதுகருவிகள் கொஞ்சம் தள்ளாடுவது அந்த இடத்துக்குப் பொருந்திவிட்டது. இப்படி எழுதும்போது ஒரு எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. தட்டு ஓடாமல் போயிருந்தால், அதே சுருதி பிசகைத் தோல்விக்குக் காரணமாக நானே காட்டியிருப்பேன்.

பட்டியலில் ஏறியது

தட்டு 1966-இன் வசந்த காலத்தில் வந்தது. பில்போர்டு இதழின் ஹாட் 100 என்ற பொதுப் பட்டியல் அன்று கடைகள் தந்த விற்பனைத் தகவலையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியல் தனி. கறுப்பினக் கேட்பாளர்களின் சந்தையை அது காட்டியது. தென்பகுதிச் சோல் பாட்டுகள் பல ஆர் அண்ட் பி பட்டியலில் உச்சிக்குப் போய், பொதுப் பட்டியலில் நடுவிலேயே நின்றுவிடும். இந்தப் பாட்டு நிற்கவில்லை.

ஏப்ரலில் ஹாட் 100-க்குள் நுழைந்தது. மே 28 தேதியிட்ட பட்டியலில் முதலிடம். இரண்டு வாரம் அங்கே இருந்தது. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் பாட்டை இறக்கிவிட்டு ஏறியது, பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து இதை இறக்கினார்கள். ஆர் அண்ட் பி பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் நாலாம் இடம். ஜூலையில் பத்து லட்சம் தட்டு விற்றதற்கான தங்கச் சான்று கிடைத்தது, அட்லாண்டிக் பெற்ற முதல் தங்கச் சான்று அதுதான். மஸில் ஷோல்ஸ் வட்டாரத்தில் பதிவான பாட்டு ஒன்று நாட்டின் பொதுப் பட்டியலில் முதலிடம் வந்ததும் அதுவே முதல் முறை.

அதே மே மாதம் 3-ஆம் தேதி அலபாமாவில் ஆளுநர் வேட்பாளருக்கான கட்சித் தேர்தல் நடந்தது. இனப்பிரிவினையை உயர்த்திப் பிடித்த ஆளுநர் மறுபடி நிற்கச் சட்டம் இடம் தராததால் தன் மனைவியை நிறுத்தினார். மனைவி வென்றார். அந்தத் தேர்தலுக்கு நாலாம் வாரம், அதே மாநிலத்தின் கறுப்பின ஆர்டர்லி ஒருவரின் குரல் நாடு முழுவதும் முதலிடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஏன் ஓடியது? விளம்பரம் என்று தனியாக ஒன்றைச் சுட்ட முடியாது. தலைப்பே முதல் வரி என்பதால் வானொலியில் ஒரு முறை கேட்டவர் கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. கடை வைத்திருந்த ஒருவர் தயாரித்த பாட்டில் இது தற்செயலாகத் தோன்றவில்லை. அடுத்து, விநியோகம். சிறு நிறுவனமாக இருந்திருந்தால் பாட்டு சூடாக இருக்கும் வாரத்தில் கடைகளில் தட்டு தீர்ந்துபோயிருக்கும். மூன்றாவது, அந்தக் குரல். அதை விளக்கப் போனால் நான் மிகையாக எழுதிவிடுவேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு

இனி அந்தப் பொடி எழுத்து வரிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த இசைத்தட்டு ராயல்டி, பாட்டு ஒன்றுக்குப் பிரதிக்கு 2 சென்ட். எழுபதுகளின் கடைசி வரை அதே விகிதம்தான் இருந்தது. பத்து லட்சம் தட்டுக்கு முழு விகிதத்தில் கொடுத்தால் 20,000 டாலர். வழக்கப்படி பதிப்பகத்துக்குப் பாதி, எழுதியவர்களுக்குப் பாதி என்றால், இருவருக்கும் ஆளுக்கு 5,000. மூவராக இருந்திருந்தால் ஆளுக்கு 3,333 சொச்சம். நிறுவனங்கள் பேரம் பேசி விகிதத்தைக் குறைப்பதும் உண்டு. ஆக, முதல் ஆண்டுக் கணக்கில் பாடகர் இழந்தது சில ஆயிரம் டாலர் என்றுதான் தோன்றும். ஆர்டர்லி சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிய தொகைதான்.

உண்மையான இழப்பு அதில் இல்லை. அமெரிக்காவின் வழக்கமான (ஏஎம், எஃப்எம்) வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் காசு கொடுக்கின்றன. பாடியவருக்குக் கொடுப்பதில்லை. பாட்டுக்கு அன்றே கூட்டரசுக் காப்புரிமை இருந்தது, ஒலிப்பதிவுக்கு அது வந்ததே 1972-இல். வேறொருவர் பாட்டை எடுத்துப் பாடினாலும் காசு எழுதியவருக்கே. அதாவது தட்டு விற்று முடிந்த பிறகும் நிற்காமல் ஓடும் ஊற்று எதுவோ, அதன் வாயில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்கள் நிற்கின்றன. பாடகர் விட்டுக்கொடுத்தது அதை.

அடுத்து நடந்தவை

பாடகர் மருத்துவமனை வேலையை விட்டு முழுநேரப் பாடகர் ஆனார். அடுத்தடுத்த சிங்கிள்களும் ஏறக்குறைய அதே அச்சு: மெதுவான நடை, ஆர்கன், மன்றாடும் குரல். அந்த ஆண்டே இரண்டு பாட்டு முதல் இருபதுக்குள் வந்தன, 1968-இல் ஒன்று 11-ஆம் இடம் வரை போனது. முதலிடம் திரும்ப வரவில்லை. அதே குழு, அதே அச்சு என்று பிடித்துக்கொண்டது பாதுகாப்பான முடிவு. ஒரு பெரிய பாட்டுக்குப் பிறகு இப்படிச் செய்யாதவர் குறைவு, அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஊருக்குக் கிடைத்தது இன்னும் பெரிது. நியூயார்க் அதிகாரிக்கு இந்த வட்டாரத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. 1966 மே மாதமே சோல் பாடகர் வில்சன் பிக்கெட்டை ஃபேம் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தார். 1967 ஜனவரியில் பாடகி அரிதா ஃபிராங்க்ளினை. நோராலாப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் உள்ளிட்ட நால்வர் 1969-இல் ஷெஃபீல்டிலேயே சொந்த ஸ்டுடியோ திறந்தார்கள். அந்த டிசம்பரில் அங்கே வந்து பதிவு செய்தது யார் தெரியுமா? மூன்றரை ஆண்டுக்கு முன் இந்தப் பாட்டை முதலிடத்திலிருந்து இறக்கிய அதே ரோலிங் ஸ்டோன்ஸ்.

1987-இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தால் பிரிட்டனில் பாட்டு மறுபிறவி எடுத்தது. லீவைஸ் நிறுவனம் பழைய சோல் பாட்டுகளைத் தேடி எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்தது. இந்த முறை இரண்டாம் இடம், 1966-ஐவிட மேலே. முதலிடத்தை அடைத்துக்கொண்டிருந்தது பென் இ. கிங் பாடிய இன்னொரு பழைய பாட்டு. அதையும் தூக்கிவிட்டது அதே நிறுவனத்தின் விளம்பரம்தான். 1991 நவம்பரில் மைக்கேல் போல்டன் குரலில் அமெரிக்காவில் மறுபடி முதலிடம். ஒரே பாட்டு, இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில், இருவர் குரலில் ஹாட் 100-இன் உச்சியில்.

இந்த இரண்டில் முதலாவது, மூலப் பாடகருக்குப் பயன்பட்டது. அது அவருடைய பதிவு, தட்டு விற்றால் அவர் ஒப்பந்தப்படி பங்கு உண்டு, கச்சேரிகளும் கூடும். இரண்டாவதில் எழுதியவர் பங்காக அவருக்கு ஒரு சென்ட் இல்லை. போல்டன் தட்டிலும் அடைப்புக்குறிக்குள் அதே இரண்டு பெயர்கள்.

2005-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் பாடகரைச் சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில், 74 வயதில் காலமானார். கடைசிவரை மேடைகளில் மக்கள் அவரிடம் கேட்டது அந்தப் பாட்டைத்தான்.

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது, வெளிப்படையானது. டேப் ஊரைவிட்டுப் போகும் முன் ஒரு தாளில் மூன்று பெயரும் எவ்வளவு பங்கு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாடகருக்கு இது தெரியாமல் போனது இயல்பு. தெரிந்தவர்கள் இந்தப் பேச்சில் இருந்தார்கள். பதிப்பகம் வைத்திருந்தவருக்கும் அட்லாண்டிக்கின் அதிகாரிக்கும் அந்த வரியின் விலை நன்றாகத் தெரியும். ‘உன் பெயர் ஏன் இல்லை’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. கேட்காமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒருவரைத் தவிர.

நன்றி சொல்ல வேறு வழிகளும் இருந்தன. மூவர் பெயரையும் போட்டு, முதல் சில ஆண்டு வருமானத்தைத் தோழர்களுக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கலாம். அல்லது எதிர்ப்பக்கப் பாட்டின் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கலாம். அந்தக் காலத்தில் எதிர்ப்பக்கத்துக்கும் அதே 2 சென்ட்தான், தட்டு விற்றால் அதுவும் கூடவே விற்கும். பெயரையே விடுவது ஒன்றுதான் திரும்பி வர வழியில்லாத பாதை.

போட்டியாளரிடம் டேப்பைக் கொண்டுபோனது, பெரிய விநியோகத்தைத் தேடியது, ஊதுகருவிகளைக் கடைசி வரை காக்கவைத்தது, இவற்றில் கைவைக்கக் கூடாது.

டேப் மாறிய விஷயத்தில் முறைப்படி நான் சொல்ல வேண்டியது தெரியும்: ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, பதிவு எண், ‘இது நிராகரிக்கப்பட்டது’ என்ற குறிப்பு. இன்றைக்குக் கணினிக் கோப்புகளுக்கும் அதுவே பொருந்தும். எழுதியாயிற்று. ஆனால் நேற்றிரவு அந்தக் கடைசி அரை நிமிடத்தை மறுபடி இரண்டு முறை போட்டுக் கேட்டேன். ஊதுகருவிகள் அதே இடத்தில் தள்ளாடின. திருத்திய டேப் கையில் கிடைத்தால்கூட நான் பழையதைத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.